பணம் கடந்த கடல், ஆள் கடக்காத கடல்: இலங்கையும் பொது நாணயக் கேள்வியும்

1. கேள்வி

திருவண்ணாமலையில் அண்ணாமலையார் கோயில் மலைக்குக் கிழக்கே இருக்கிறது. அங்கிருந்து கிரிவலம் புறப்படுவோர் தெற்கே சென்று, மேற்கே வளைந்து, 14 கிலோமீட்டர் பாதையில் பாதிக்கு மேல் நடந்த பிறகே மலையின் மறுபுறத்திலுள்ள அடி அண்ணாமலையை அடைகிறார்கள். ஆதி அண்ணாமலையார் கோயிலும், மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் என்று மரபு சொல்லும் சிறு கோயிலும் இங்கே உள்ளன. பௌர்ணமி இரவில் சாலையோரத் தேநீர்க் கடையில், பால் கொதிக்கும் பாத்திரத்துக்கு அருகே கியூஆர் அட்டை தொங்கும். வருகிறவர்கள் கைபேசியை அதன்மேல் காட்டிவிட்டு, காசைத் தொடாமலே தேநீரை வாங்கிக்கொண்டு நகர்வார்கள். அந்தக் கூட்டத்தில் யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்தவர்களும் உண்டு. அவர்கள் பையில் இரண்டு நாட்டுத் தாள்களும் இருக்கும்.

அந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இந்தியத் தாளின் பின்புறத்தில் உள்ள மொழிப் பட்டியலில் தமிழும் ஒரு வரி பெற்றிருக்கிறது. இலங்கைத் தாளில் சிங்களத்தோடு தமிழும் இருக்கிறது. இரண்டிலும் பணத்தின் பெயர் ரூபாய். 1966 ஜூன் வரை இரண்டின் மதிப்பும் ஒன்றாகவே இருந்தது. இன்று ஓர் இந்திய ரூபாய்க்கு மூன்றுக்கும் மேற்பட்ட இலங்கை ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கிறது.

பிரிந்த இந்த இரண்டையும் மறுபடி ஒன்றாக்கலாமா என்ற கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வியாக நின்றுவிடவில்லை. 2003 டிசம்பரில் பிரதமர் வாஜ்பாய், திறந்த எல்லைகளும் ஒற்றை நாணயமும் கொண்ட தெற்காசியாவைப் பற்றிப் பேசினார். 2023 ஜூலையில் இலங்கை ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க, தம் நாட்டில் டாலர் அளவுக்கு இந்திய ரூபாயும் புழங்குவதை விரும்புவதாகச் சொன்னார். முதலாவது கூட்டமைப்புக் கனவு. இரண்டாவது நெருக்கடியில் சிக்கிய நாட்டின் தேவை. ஆனால் இரண்டும் ஒரே கேள்விக்கே கொண்டுசேர்க்கின்றன: ஒரு சிறிய நாடு தன் பணத்தைக் கைவிட்டு வட்டாரத்தின் பொதுப் பணத்தை ஏற்க வேண்டுமா?

இக்கட்டுரை அக்கேள்வியை இலங்கையை முன்வைத்து ஆராய்கிறது. முதலில் கோட்பாடு, அடுத்து வரலாறு, பின்னர் 2022இன் அனுபவம் என்ற வரிசையில் செல்கிறது. பணம் பொதுவாக வேண்டுமானால் அதற்கு முன்பே மனிதர் நடமாட்டமும் சுமைப் பங்கீடும் பொதுவாகியிருக்க வேண்டும் என்பதே இதன் வாதம். அதற்கான மிக அருகிலுள்ள சான்று அடி அண்ணாமலையிலேயே இருக்கிறது. இறுதியில் அங்கே திரும்புவோம்.

2. கோட்பாடு சொல்வது

பொது நாணயத்தின் நன்மைகளை மறுப்பதற்கில்லை. பணம் மாற்றும் செலவு இல்லாமல் போகும். இன்று ஒப்பந்தம் செய்து மூன்று மாதம் கழித்துப் பணம் பெறும் வணிகர், இடையில் மதிப்பு சரிந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. எல்லைக்கு இருபுறத்து விலைகளையும் நேரடியாக ஒப்பிடலாம். பலவீனமான நாணயம் உள்ள நாட்டுக்கு, வலுவான மத்திய வங்கியின் நற்பெயரும் இரவலாகக் கிடைக்கும்.

இதற்கு விலையும் உண்டு. 1961இல் ராபர்ட் மண்டெல் எழுதிய கட்டுரை, எந்த நிலப்பரப்புக்கு ஒரே நாணயம் உகந்தது என்று கேட்டது. நாட்டின் எல்லையும் நாணயத்தின் எல்லையும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்றார் அவர். ஓரிடத்தில் வேலை வறண்டு வேறோர் இடத்தில் வேலை பெருகும்போது, தனி நாணயம் இருந்தால் அதன் மதிப்பு இறங்கி அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். நாணயம் ஒன்றே என்றால் அந்த வேலையை மனிதர்கள் செய்ய வேண்டும். அதாவது, வேலை இல்லாத இடத்திலிருந்து வேலை இருக்கும் இடத்துக்கு அவர்கள் பெயர வேண்டும். 1963இல் ரொனால்ட் மெக்கின்னன் வணிகத் திறப்பின் அளவையும், 1969இல் பீட்டர் கெனன் உற்பத்தியின் பன்முகத் தன்மையையும் பொதுக் கருவூலத்தின் தேவையையும் இதனோடு சேர்த்தனர்.

இவற்றைத் தொகுத்தால் மூன்று சோதனைகள் கிடைக்கின்றன. அந்த நாடுகள் தங்களுக்குள் நிறைய வாங்கி விற்கின்றனவா? தொழிலாளி தடையின்றி எல்லை கடக்க முடியுமா? ஒருவர் விழுந்தால் மற்றவர் வரிப்பணம் அவரைத் தூக்கிவிடுமா?

முதல் சோதனையிலேயே தெற்காசியா தடுமாறுகிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் வணிகத்தில் பாதிக்கும் மேல் அவற்றுக்குள்ளேயே நடக்கிறது. தெற்காசிய நாடுகளுக்கு இடையிலான வணிகமோ அவற்றின் மொத்த வணிகத்தில் ஏறத்தாழ 5 விழுக்காடுதான். இலங்கைக்கு இந்தியா பெரிய இறக்குமதி வாயில் என்பது உண்மை. 2000 மார்ச்சிலிருந்து இரு நாடுகளுக்கும் இடையே தடையற்ற வணிக ஒப்பந்தமும் நடப்பில் உள்ளது. ஆனால் இலங்கையின் ஆடைகளுக்கு மிகப்பெரிய சந்தை அமெரிக்கா. அங்கே தேவை குறையும்போது கட்டுநாயக்கவில் வேலை போகும். நாணயம் பொதுவாகிவிட்ட நிலையில், அதே மாதத்தில் இந்தியாவில் விலைவாசி ஏறிக்கொண்டிருந்தால் மும்பையிலுள்ள ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தை உயர்த்தும். ஒரு நோயாளிக்குப் பார்த்த நாடியில் இன்னொரு நோயாளிக்கு மருந்து எழுதுவது போன்றது அது.

3. ரூபாய் ஒன்றாக இருந்த காலம்

இப்பகுதியில் பணம் எல்லை கடந்து புழங்குவது புதிதல்ல. சோழர் கல்வெட்டுகளில் 'ஈழக்காசு' என்ற பெயர் வருகிறது. ஒருபுறம் நிற்கும் உருவமும் மறுபுறம் அமர்ந்த உருவமும் கொண்ட ராசராசன் காசின் அமைப்பை, பராக்கிரமபாகு, லீலாவதி முதலிய பொலன்னறுவை ஆட்சியாளர்கள் தம் காசுகளில் பின்பற்றினர். சோழரோடு போரிட்டுப் பிரிந்த பிறகும் காசின் வடிவம் நீடித்தது. சந்தையில் மக்கள் நம்பிப் பழகிய உருவத்தை மாற்ற அரசர்களும் தயங்கினார்கள் என்றே இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

திருவண்ணாமலை நெடுங்காலம் அங்கம் வகித்த வட ஆற்காடு, நாணய வரலாற்றில் தனி இடம் பெற்றது. ஆற்காட்டு நவாபின் ரூபாயைக் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையிலும் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியிலும் அடித்தனர். முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீர் 1759இல் கொல்லப்பட்டார். அவர் பெயர் பொறித்த ஆற்காட்டு ரூபாயைக் கம்பெனி அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்தும் அடித்துக்கொண்டிருந்தது. அரசர் மாண்டாலும் காசின் மேலிருந்த நம்பிக்கை மாளவில்லை.

ஆனால் அன்றைய தமிழ்நாட்டில் ஆற்காட்டு ரூபாய் தனித்து ஆளவில்லை. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்பது சென்னைக் கணக்கு. இன்று செல்வம் அனைத்துக்கும் பொதுப் பெயராகிவிட்ட 'பணம்' அன்று ஒரு சிறு நாணயத்தின் பெயர். ஊருக்கு ஊர் நாணயம் மாறியதால் காசு மாற்றும் சராப்புக் கடைகள் செழித்தன. வட்டம் என்ற கழிவைப் பிடித்துக்கொண்டே காசு மாற்றினார்கள். 1818இல் கம்பெனி, 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று விகிதம் வகுத்து, வெள்ளி ரூபாயையே சென்னை மாகாணத்தின் நாணயமாக்கியது. 1835இல் கம்பெனி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தது. இந்த முடிவை எடுத்தபோது எவரும் மக்களைக் கேட்கவில்லை. பணத்தை ஒன்றாக்கியது பேரரசின் அதிகாரம்.

அந்த ரூபாய் கடலையும் கடந்தது. 1872இல் இலங்கை ரூபாய்க் கணக்குக்கு மாறியபோது அதன் ரூபாயும் இந்திய ரூபாயும் ஒன்றே. உட்பிரிவில்தான் வேற்றுமை: இலங்கையில் ரூபாய்க்கு 100 சதம், இந்தியாவில் 1957 வரை 16 அணா. 1884 மே மாதம் ஓரியண்டல் வங்கி நொடித்து, அது வெளியிட்டிருந்த தாள்கள் செல்லாக்காசாகும் நிலை வந்தது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகு இலங்கை அரசே நாணய ஆணையர் குழு ஒன்றை அமைத்துத் தாள் வெளியிடத் தொடங்கியது. வெளியிட்ட தாளுக்கு ஈடாகக் கையிருப்பு வைக்க வேண்டும். விருப்பம்போல் அச்சடிக்க முடியாது.

இந்தப் பொது ரூபாய் யாருக்கு உதவியது? தோட்ட முதலாளிகளுக்கு நிச்சயமாக உதவியது. வெள்ளியின் விலை சரிந்த ஆண்டுகளில் அவர்கள் தேயிலையை லண்டனில் பவுனுக்கு விற்று, கூலியை மதிப்பிழந்த ரூபாயில் கொடுத்தார்கள். 1893இல் இந்திய அரசு நாணயச் சாலைகளில் தனியார் வெள்ளியை ஏற்பதை நிறுத்தி ரூபாயின் மதிப்பை உயர்த்த முற்பட்டபோது, இலங்கையும் அதன் பின்னே இழுபட்டது. முடிவு இலங்கையில் எடுக்கப்படவில்லை. விளைவு மட்டும் அங்கே வந்து சேர்ந்தது.

ஆனால் அந்தக் காலத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. ஆள் சேர்க்கும் கங்காணியோடு கடல் கடந்த தமிழகத் தொழிலாளி தோட்டத்தில் வாங்கிய ரூபாயை ஊரில் அப்படியே செலவழிக்க முடிந்தது. பணமும் ஆளும் ஒரே வழியில் போய்வந்தன. அது விடுதலையின் வழி அன்று; கடனும், அந்தக் கடனைக் குறித்த துண்டுச் சீட்டும் கட்டிவைத்த வழி. ஆயினும் மண்டெல் பிற்காலத்தில் கேட்ட நிபந்தனை, கொடூரமான வடிவத்தில் என்றாலும், அன்று நிறைவேறியிருந்தது.

4. பிரிவின் கால வரிசை

இந்த ஒற்றுமை எப்படி அறுந்தது என்பதை ஆண்டு வரிசையில் வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. 1939இல் இந்திய அரசு, உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கை செல்வதைத் தடை செய்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1950 ஆகஸ்டு 28இல் இலங்கை மத்திய வங்கி செயல்படத் தொடங்கியது. அமெரிக்க ஃபெடரல் ரிசர்வைச் சேர்ந்த ஜான் எக்ஸ்டர் அதன் முதல் ஆளுநர். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சியவர்களைப் பின்னொரு பேச்சுக்கு ஒத்திவைத்தது. 1966 ஜூன் 6இல் இந்தியா டாலருக்கு 4.76 ஆக இருந்த ரூபாயை 7.50க்கு இறக்கியது. இலங்கை தன் ரூபாயை இறக்கவில்லை. மறுநாள் ஓர் இலங்கை ரூபாய்க்கு ஒன்றரை இந்திய ரூபாய்க்கும் மேல் கிடைத்தது.

முதலில் ஆள் போகும் வழி அடைபட்டது. அடுத்து மனிதர்கள் பங்கிடப்பட்டார்கள். கடைசியாகத்தான் பணத்தின் மதிப்பு பிரிந்தது. முன்னது பின்னதற்கு நேர்க் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. 1966இன் மதிப்பிறக்கத்துக்கு வறட்சி, போர், அயலுதவி நெருக்கடி எனக் காரணங்கள் பல. ஆனால் மனிதர்களுக்கு மூடிய எல்லையில் பணத்தின் ஒற்றுமை வெறும் எண் பொருத்தமாகவே எஞ்சியிருந்தது. அது போனபோது தடுக்க எவரும் இல்லை.

இதே ஆண்டுகளில் வேறு சான்றுகளும் உள்ளன. பிரிவினைக்குப் பின் 1948 ஜூன் முடிய, இந்திய ரிசர்வ் வங்கியே பாகிஸ்தானின் மத்திய வங்கியாகவும் இருந்தது. 1949 செப்டம்பரில் பவுனோடு சேர்ந்து இந்திய ரூபாய் மதிப்பிறங்கியது. பாகிஸ்தான் இறக்க மறுத்தது. கிழக்கு வங்கத்துச் சணலும் கல்கத்தா ஆலைகளும் ஒன்றையொன்று நம்பியே இருந்தன. ஆயினும் புதிய விகிதத்தை இந்தியா ஏற்காததால் வணிகம் மாதக்கணக்கில் முடங்கியது. வளைகுடாவில் நடந்தது இன்னும் நேரான பாடம். அங்கே இந்திய ரூபாயே புழங்கியது. தங்கக் கடத்தலைத் தடுக்க 1959இல் வளைகுடாவுக்கென்றே ரிசர்வ் வங்கி தனித் தாள் வெளியிட்டது. 1966 ஜூன் 6இல் டெல்லி எடுத்த முடிவால் துபாய், கத்தார் வணிகர்களின் கையிருப்பில் 36.5 விழுக்காடு மதிப்பு கரைந்தது. அவர்கள் அந்த முடிவில் பங்கேற்கவில்லை. இந்தியாவின் வறட்சிக்கும் போருக்கும் அவர்கள் பொறுப்பும் இல்லை. மிச்சமிருந்த வளைகுடா நாடுகளும் அதன்பின் இந்திய ரூபாயை விட்டு விலகின.

5. நீடித்த இணைப்புகள்

எல்லா இணைப்பும் அறுந்துவிடவில்லை. 1993 பிப்ரவரி முதல் 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்ற விகிதம் மாறவே இல்லை. பூட்டானின் நுல்ட்ரம் 1974 முதல் இந்திய ரூபாய்க்குச் சமம். இவ்விரண்டு நாடுகளிலும் பொதுவாக இருப்பது என்ன? 1950 ஒப்பந்தப்படி நேபாளியர் இந்தியாவுக்குள் வந்து வேலை செய்ய விசா வேண்டியதில்லை. பூட்டானியருக்கும் அவ்வாறே. பூட்டான் தன் ஆறுகளில் எடுக்கும் மின்சாரத்தை இந்தியாவுக்கே விற்கிறது. மனிதர்கள் வந்துபோகும் எல்லையில்தான் ரூபாயின் பிணைப்பும் தாங்கியிருக்கிறது.

அங்கும் சிறியவரின் பாடு எளிதன்று. 2016 நவம்பர் 8 இரவு இந்தியா 500, 1000 ரூபாய்த் தாள்களைச் செல்லாது என்று அறிவித்தது. நமக்கு வங்கி வாசலில் வரிசையாவது இருந்தது. இந்தியாவில் காவல் வேலையும் கட்டட வேலையும் செய்து சேர்த்த தாள்களை ஊரில் பெட்டிக்குள் வைத்திருந்த நேபாளக் குடும்பங்களுக்கு அந்த வரிசையும் இல்லை. காட்மாண்டு கேட்டுக்கொண்டே இருந்தது. ஆண்டுகள் கடந்தும் தீர்வு கிடைக்கவில்லை. அடுத்தவர் பணத்தில் சேமிப்பவரின் சேமிப்பு, அடுத்தவர் எடுக்கும் முடிவை நம்பியே இருக்கிறது.

இவ்வாதத்துக்கு எதிரான சான்றுகளையும் மறைக்கக் கூடாது. சிங்கப்பூர், புருணை நாணயங்கள் 1967 முதல் சமமதிப்பில் மாற்றத்தக்கவை. அவ்விணைப்பு தொழிலாளர் நடமாட்டத்தால் நிற்கவில்லை. இரு நாடுகளிடமும் கையிருப்பு மிகுதி என்பதால் நிற்கிறது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் சிஎஃப்ஏ ஃபிராங்க் 1945 முதல் நீடிப்பதற்குப் பிரான்சின் உத்தரவாதம் காரணம். ஆனால் 1994 ஜனவரியில் அதன் மதிப்பு ஒரே நாளில் பாதியாக்கப்பட்டபோது டக்காரில் அரிசியும் மருந்தும் விலையேறியதை அந்த உத்தரவாதம் தடுக்கவில்லை. ஆக, ஆள் நடமாட்டம் இல்லாமலும் பொது நாணயம் நிற்கலாம். பெருஞ்செல்வமோ பெரியவரின் உத்தரவாதமோ வேண்டும். இலங்கையிடம் முன்னது இல்லை. பின்னதற்கு அரசியல் விலை உண்டு.

6. 2022: மறுதரப்பின் வலுவான வாதம்

தனி நாணயம் இலங்கையைக் காப்பாற்றியதா என்று மறுதரப்பு கேட்கும். நியாயமான கேள்வி. 1966இல் ஓர் இலங்கை ரூபாய் ஒன்றரை இந்திய ரூபாய்க்கு மேல் பெற்றது. இன்று மூன்றில் ஒரு பங்குகூடப் பெறுவதில்லை. இந்திய ரூபாயும் அந்தக் காலத்தில் டாலருக்கு எதிராகச் சரிந்தே வந்திருக்கிறது. அதையும் மிஞ்சிச் சரிந்தது இலங்கை ரூபாய்.

2019 டிசம்பரில் மதிப்புக் கூட்டு வரி 15 விழுக்காட்டிலிருந்து 8 ஆகக் குறைக்கப்பட்டது. வருவாய் வற்றியதும் மத்திய வங்கி பணம் அச்சிட்டு அரசுக்குக் கொடுத்தது. டாலர் 200 ரூபாய் அளவில் செயற்கையாகப் பிடித்துவைக்கப்பட்டது. 2022 மார்ச்சில் பிடி விட்டதும் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நாடு நிறுத்தியது. செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 விழுக்காடு. எரிவாயுச் சிலிண்டருக்கும் பெட்ரோலுக்கும் இரவு பகலாக வரிசையில் நின்ற மக்களிடம், சொந்த நாணயம் இறைமையின் அடையாளம் என்று சொல்லிப் பயனில்லை. அச்சு இயந்திரம் அரசியல்வாதியின் கைக்கு எட்டாத இடத்தில் இருந்திருந்தால் இது நேர்ந்திருக்காதே என்ற வாதத்துக்கு வலு இருக்கிறது. 2000இல் எக்வடோர் தன் சுக்ரேயைக் கைவிட்டு டாலரை ஏற்றதும் இதே மனநிலையில்தான்.

ஆனால் இந்த வாதம் நோயைச் சரியாகச் சொல்லி மருந்தைத் தவறாக எழுதுகிறது. கிரீஸ் அதற்குச் சாட்சி. அந்நாட்டின் கையில் அச்சு இயந்திரம் இல்லை. ஆயினும் கடன் பெருகியது. யூரோவின் நற்பெயரால் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைத்ததே அதற்கு வழிவிட்டது. நெருக்கடி வந்தபோது மதிப்பிறக்கும் வழி இல்லாததால் கூலியும் ஓய்வூதியமும் வெட்டப்பட்டன. பொருளாதாரம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சுருங்கியது. 2013இல் வேலையின்மை 27 விழுக்காட்டைத் தாண்டியது. 2015 ஜூன் இறுதியில் வங்கிகள் மூடப்பட்டு, ஏடிஎம்மில் நாளுக்கு 60 யூரோ மட்டுமே எடுக்கலாம் என்ற நிலை வந்தது. பொது நாணயம் ஒழுக்கத்தைக் கொண்டுவரவில்லை. ஒழுக்கம் தவறியதற்கான தண்டனையை எளியவர்களிடம் திருப்பிவிட்டது.

இலங்கையிலும் மதிப்பிறக்கத்தின் கொடுமையை எளியவர்களே சுமந்தார்கள். ஆனால் அது ஒரு கதவையும் திறந்தது. செயற்கை விகிதம் நீடித்தவரை வெளிநாட்டிலிருந்த உழைப்பாளிகள் வங்கியைத் தவிர்த்து உண்டியல் என்னும் முறைசாரா வழியில் பணம் அனுப்பினார்கள். விகிதம் உண்மைக்கு நெருங்கியதும் பணம் வங்கிக்குத் திரும்பியது: 2022இல் சுமார் 380 கோடி டாலர், 2023இல் சுமார் 600 கோடி டாலர். 2023 ஜூலையில் பணவீக்கம் 6.3 விழுக்காட்டுக்கு இறங்கியது. அதே ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம், புதிய கடன் பத்திரங்களை மத்திய வங்கி அரசிடமிருந்து நேரடியாக வாங்குவதைத் தடுத்தது. நாணயத்தைத் துறக்காமலே அச்சு இயந்திரத்துக்குப் பூட்டுப் போட முடியும் என்பதற்கு இதுவே சான்று. பூட்டை அரசுகள் மதிக்கின்றனவா என்பதை இலங்கை நாடாளுமன்றமும் மக்களும்தான் கண்காணிக்க வேண்டும். அந்தக் காவலை மும்பைக்குக் குத்தகை விட முடியாது.

7. நாம் ஏற்கெனவே வாழும் பொது நாணயம்

பொது நாணயம் எப்படி இயங்குகிறது என்று பார்க்கத் தமிழர் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. 140 கோடி மக்களின் இந்திய ரூபாயே ஒரு பொது நாணயம். தமிழ்நாட்டுக்கும் பிகாருக்கும் இடையே வருமானத்திலும் தொழிலிலும் உள்ள இடைவெளி சாமானியமானதல்ல. இருந்தும் ஒரே ரூபாய் நிற்கிறது. அதைத் தாங்கும் தூண்கள் இரண்டு.

முதலாவது ஆள் நடமாட்டம். பிகாரிலும் ஒடிசாவிலும் வேலை இல்லையென்றால் தொழிலாளி ரயிலேறித் திருப்பூருக்கு வருகிறார். திருவண்ணாமலை மாவட்டத்தில் மழை பொய்த்தால் குடும்பங்கள் பெங்களூருக்கும் சென்னைக்கும் கட்டட வேலைக்குப் புறப்படுகின்றன. எவரும் விசா கேட்பதில்லை. இந்தப் பெயர்வில் துயரம் நிறைய உண்டு. குழந்தைகளின் படிப்பு அறுபடுகிறது, முதியவர்கள் ஊரில் தனித்து விடப்படுகிறார்கள். ரூபாயின் மதிப்பு ஊருக்கு ஊர் மாறாமல் இருப்பதற்கான விலையை இவர்களின் கால்கள் செலுத்துகின்றன.

இரண்டாவது பொதுக் கருவூலம். பதினைந்தாவது நிதிக்குழுவின் கணக்கில், மாநிலங்களுக்குப் பகிரும் வரித் தொகுப்பில் பிகாரின் பங்கு 10.058 விழுக்காடாகவும் தமிழ்நாட்டின் பங்கு 4.079 விழுக்காடாகவும் இருந்தன. இந்தப் பகிர்வு நியாயமா என்று தமிழ்நாட்டில் ஒவ்வொரு நிதிநிலை அறிக்கையின்போதும் குரல் எழுகிறது. அந்தக் குரலுக்குக் காரணம் இருக்கிறது. ஆயினும் கேட்க ஒரு நாடாளுமன்றமும் வாக்கும் நீதிமன்றமும் இருக்கின்றன. ஒரே நாட்டுக்குள்ளேயே இவ்வளவு கடினமான பங்கீடு, வாக்கும் நாடாளுமன்றமும் பொதுவாக இல்லாத இரு நாடுகளுக்கு இடையே எப்படி நடக்கும்? ஹம்பாந்தோட்டையின் ஓய்வூதியத்துக்குக் கோயம்புத்தூர் வரி கட்டுமா? ஐரோப்பாவே பொதுக் கடன் என்ற யோசனையை ஏற்க 2020இன் கொரோனா வரை காத்திருந்தது.

அளவு வேற்றுமையும் சேர்ந்துகொள்கிறது. இந்தியப் பொருளாதாரம் இலங்கையைப் போல் ஏறத்தாழ நாற்பது மடங்கு பெரியது. ரிசர்வ் வங்கியின் பணக் கொள்கைக் குழுவில் ஆறு பேர். அதில் இலங்கைக்கு ஓர் இடம் கிடைத்தாலும் அது மரியாதைக்கான நாற்காலியாகவே இருக்கும். தாளில் எந்த மொழி எந்த வரிசையில் வரும் என்பதுகூடச் சிறிய விஷயமன்று. 1998இல் மொரீஷியஸ் தன் புதிய தாள்களில் தமிழுக்கு முன்பாக இந்தியை வைத்தபோது, அங்குள்ள தமிழர் கொதித்தெழுந்து அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. பணத்தாள் ஒரு நாடு தன்னைத் தானே எழுதிக்கொள்ளும் இடம்.

8. அடி அண்ணாமலையின் சாட்சியம்

இப்போது தொடங்கிய ஊருக்குத் திரும்பலாம். கிரிவலப் பாதையில் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் கடந்துபோகும் இந்த ஊரில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றும் இருக்கிறது. 1983க்குப் பின் அலையலையாக வந்தவர்களுக்காகத் தமிழ்நாடெங்கும் அமைந்த நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இது ஒன்று. 2021இல் அரசு அளித்த கணக்கின்படி அம்முகாம்களில் ஏறத்தாழ 58 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். அந்த ஆண்டுதான் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' ஆயிற்று. குடும்பத் தலைவருக்கான மாத உதவித்தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆயிற்று.

இவர்களைப் பொது நாணயக் கேள்வியோடு சேர்த்துப் பார்ப்பவர் குறைவு. சேர்த்தே பார்க்க வேண்டும். முகாம்களில் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறை, இந்திய ரூபாயில் கூலி வாங்கி, இந்திய ரூபாயில் அரிசி வாங்கி வாழ்ந்துவருகிறது. தேநீர்க் கடையின் கியூஆர் அட்டை அவர்களுக்கும் பழக்கம். நாணயம் ஒருவரை ஒரு நாட்டோடு இணைக்கும் என்றால், இவர்களைவிட இணைந்தவர்கள் எவர்? ஆயினும் சட்டத்தின் கண்ணில் இவர்கள் இன்னும் அயலார். 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைக் குறிப்பிட்டது, இலங்கையைக் குறிப்பிடவில்லை. முகாமில் இருப்பவர் வெளியூர் வேலைக்குப் போனாலும் கணக்கெடுப்பு நாளில் வந்து நிற்க வேண்டும்.

ரூபாய் நாற்பது ஆண்டுகளாக இவர்கள் கையில் இருக்கிறது, குடியுரிமை இல்லை. கடலுக்கு அக்கரையில் 1948 செய்ததை இக்கரையில் வேறு விதமாகத் தொடர்கிறோம். மனிதரை ஏற்க ஆயத்தமாகாத இரு அரசுகள் பணத்தை ஒன்றாக்குவது பற்றிப் பேசும்போது, அந்த ஒற்றுமை யாருக்கானது என்று கேட்கும் உரிமை இந்த முகாமுக்கு உண்டு.

9. முடிவு: எதைப் பொதுவாக்கலாம்

இலங்கை இன்றைய நிலையில் இந்திய ரூபாயையோ தெற்காசியப் பொது நாணயத்தையோ ஏற்கக் கூடாது என்பதே இக்கட்டுரையின் முடிவு. இந்த மறுப்பில் பகை இல்லை. பொது நாணயத்துக்கு வேண்டிய வணிகச் செறிவும் தொழிலாளர் வழியும் சுமைப் பங்கீடும் இன்று இல்லை. அவை வரும்வரை சிறியவரே எல்லா அதிர்ச்சியையும் தாங்க வேண்டியிருக்கும்.

பொதுவாக்கத் தகுந்தவை வேறு இருக்கின்றன. 1974இல் உருவான ஆசியத் தீர்வு ஒன்றியம், உறுப்பு நாடுகளின் வணிகக் கணக்கைக் கழித்து நேர்செய்து, மிஞ்சியதை மட்டும் டாலரில் தீர்க்கும் ஏற்பாடு. 2022இல் இந்தியா அளித்த ஏறத்தாழ 400 கோடி டாலர் உதவியில் 40 கோடி டாலர் நாணயப் பரிமாற்ற ஏற்பாடும் ஒன்று. இத்தகைய உதவி நெருக்கடிக்குப் பின் கருணையாக வராமல், முன்கூட்டியே வகுத்த விதியாக வர வேண்டும். 2024 பிப்ரவரி 12இல் இந்தியாவின் கைபேசிப் பணப் பரிமாற்றச் சேவையான யுபிஐ இலங்கையில் தொடங்கப்பட்டது. கொழும்புக் கடையில் இந்தியப் பயணி தன் கணக்கிலிருந்து இந்திய ரூபாயில் செலுத்துகிறார். கடைக்காரர் இலங்கை ரூபாயில் பெறுகிறார். நாணயம் இரண்டாகவே இருக்க, பாதை ஒன்றாகிறது. அந்தப் பாதை இருபுறமும் சமமாக ஓட வேண்டும். கிரிவலம் வரும் யாழ்ப்பாணத்துப் பெண், தன் ஊர் வங்கிக் கணக்கிலிருந்து அடி அண்ணாமலைக் கடையில் தேநீருக்குப் பணம் செலுத்தும் நாளே அதற்கு அளவுகோல்.

அதற்கும் முன்பாகச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பணம் போய்வர வழி கேட்கும் அரசுகள், அடி அண்ணாமலை முகாமில் காத்திருப்பவர்களுக்கு முதலில் வழி சொல்லட்டும். ஊர் திரும்ப விரும்புவோருக்குப் பாதுகாப்பான திரும்புதலும் இங்கேயே வாழ விரும்புவோருக்குக் குடியுரிமையும் கிடைத்த பிறகு, இரு கரைக்கும் ஒரே ரூபாய் என்ற பேச்சை மறுபடி எடுக்கலாம். அன்று அந்தப் பேச்சில் அவர்களுக்கும் வாக்கு இருக்கும்.